யாரிடம் சொல்வது, எங்கே எழுதுவது: தொடக்கப் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்பு

பள்ளிப் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு கேமராவில் போய் நிற்கிறது. எத்தனை கேமரா, மதில் எவ்வளவு உயரம், கேட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று. இவை எல்லாமே வேண்டியவைதான். ஆனால் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் மதில் ஏறிக் குதித்து வருவதில்லை. வீட்டில் இருப்பவர், உறவுக்காரர், அக்கம்பக்கத்தார், சில வேளை பள்ளியிலேயே வேலை பார்ப்பவர் என்று குழந்தை தினமும் பார்த்துப் பழகிய ஒருவராகத்தான் இருப்பார். அதைக் கேமரா பிடிக்காது. மனிதர்கள்தான் பிடிப்பார்கள். வகுப்பாசிரியர் ஒன்றைக் கவனிப்பார், கழிப்பறைக்குக் கூட்டிப் போகும் ஆயா இன்னொன்றைக் கவனிப்பார், வேன் ஓட்டுநர் மூன்றாவதைக் கவனிப்பார், சாப்பாடு பரிமாறுபவர் நான்காவதை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம். அந்த நான்கும் அன்றைக்கே ஒருவர் கைக்கு வந்து சேர்கிறதா என்பதில்தான் ஒரு பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு இருக்கிறது.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 2012 மார்ச்சில் இறந்துபோன டேனியல் பெல்கா என்ற நான்கு வயதுச் சிறுவனைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2011 செப்டம்பரில் பள்ளியில் சேர்ந்தவன். தாயும் அவருடைய துணைவரும் அவனைப் பட்டினி போட்டு அடித்துக் கொன்றார்கள். 2013-இல் இருவர் மீதும் கொலைக் குற்றம் நிரூபணமானது. இந்தக் கொடுமை நடந்துகொண்டிருந்த மாதங்களில் அவன் பள்ளிக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். மற்றக் குழந்தைகளின் சாப்பாட்டை எடுத்துத் தின்றதையும், குப்பைத் தொட்டியில் கிடந்ததை எடுத்துத் தின்றதையும் பள்ளியில் பார்த்தார்கள். அவனுக்குச் சாப்பாடு தொடர்பான உடல்நலப் பிரச்சினை இருக்கிறது, கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள் என்று தாய் சொன்னார். பள்ளி அதை நம்பியது. முகத்தில் காயங்கள் தெரிந்த நாள்களும் உண்டு. அவை ஒழுங்காகப் பதிவாகவில்லை, ஒன்றோடொன்று சேர்த்தும் பார்க்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் வந்த ஆய்வறிக்கை சொன்னவற்றில் மனத்தைப் பிசைவது இதுதான்: உன் வீடு எப்படி இருக்கிறது என்று அந்தக் குழந்தையிடம் எந்த அலுவலரும் பேசியதாக ஒரு பதிவுகூட இல்லை. அவனுக்கு ஆங்கிலம் சரியாக வராது, வீட்டு மொழி போலிஷ். அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பேச வைத்திருக்கலாம்.

அந்தப் பள்ளியில் அக்கறையில்லாத மனிதர்கள் இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பசியோடு அலைகிறான் என்று கவனித்தவர்கள் இருந்தார்கள், தாயிடம் பேசியவர்களும் இருந்தார்கள். நல்ல மனம் இருந்தும் குழந்தை கைநழுவிப் போகலாம் என்பதுதான் இதில் பயமுறுத்துவது. அதனால்தான் நடைமுறை வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். நடைமுறையில் முதலாவது எழுத்து.

பல பள்ளிகளில் பதிவேடு இருக்கிறது, அதில் எழுதும் முறைதான் சரியில்லை. “இன்று குழந்தை சோர்வாக இருந்தது, வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அதே நாளை இப்படி எழுதலாம்: “காலை 9.20, முதல் பீரியட். இரண்டாம் வகுப்பு மாணவி. இடது காதுக்குப் பின்னால் சிவந்த கோடு, ஏறக்குறைய 3 செ.மீ. ‘காதுல என்னம்மா?’ என்று கேட்டேன். ‘சித்தப்பா காதைப் புடிச்சுத் தூக்குனாரு’ என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், வழக்கமாகத் தோழிகளோடு விளையாடுபவள். 10.45-க்குப் பொறுப்பாசிரியரிடம் நேரில் சொன்னேன்.” கீழே கையெழுத்து, தேதி, எழுதிய நேரம். கண்ணால் பார்த்தது தனி, காதால் கேட்டது தனி. குழந்தை சொன்ன வார்த்தை பேச்சுவழக்கோ கொச்சையோ, அப்படியே மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். உடலுறுப்புக்குக் குழந்தை வீட்டில் புழங்கும் செல்லப்பெயரைச் சொன்னால் அதையே எழுதுங்கள். அதை நாகரிகமான சொல்லாக மாற்றிவிட்டால் குழந்தை உண்மையில் எதைச் சொன்னது என்பதே பின்னால் தகராறாகிவிடும். உங்கள் கருத்தையும் எழுதலாம். ஆனால் “என் கருத்து” என்று தனியே குறித்து எழுதுங்கள்.

காயம் இருந்தால் உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுருவமாக அச்சிட்ட தாளில் இடத்தைக் குறியுங்கள். அளவு, வடிவம், நிறம் எழுதுங்கள். நிறத்தை வைத்து “இது மூன்று நாள் பழையது” என்று கணக்குப் போடாதீர்கள். கன்றிய காயத்தின் நிறத்தைக் கொண்டு அதன் வயதை நம்பகமாகச் சொல்ல மருத்துவர்களாலேயே முடியாது. சொந்தப் போனில் படம் எடுக்காதீர்கள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். இயல்பாகத் தெரிவது போதும், உடலைச் சோதிப்பது மருத்துவர் வேலை.

எந்தக் காயத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஓடியாடும் குழந்தைக்கு முழங்கால், கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு, முழங்கை, நெற்றி ஆகிய இடங்களில் அடிபடும். எலும்பு துருத்திய, உடலின் முன்பக்க இடங்கள் இவை. விழுந்தால் தரையில் முதலில் படுவதும் இவையே. காது, கழுத்து, வயிறு, முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம், மேல்கையின் உட்பக்கம் ஆகியவை தற்செயலாக விழுந்து அடிபடும் இடங்கள் இல்லை. விரல்தடம், பெல்ட் கொக்கி, மடித்த ஒயர் போன்று ஒரு வடிவம் தெரியும் காயமும், கையுறை போட்டதுபோல் ஒரே கோட்டில் நின்றுவிடும் வெந்நீர்க் காயமும் உடனே கவனிக்க வேண்டியவை. ஒரே காயத்துக்கு அம்மா ஒன்று, பாட்டி ஒன்று, குழந்தை ஒன்று என்று மூன்று காரணம் வந்தால் மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

குழந்தை தானாக வந்து சொல்வது இன்னொரு கட்டம். இது பெரும்பாலும் நமக்கு வசதியான நேரத்தில் நடக்காது. நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, வீட்டுக்குக் கிளம்பும்போது வரும். பாதி வாக்கியமாக வரும். “டீச்சர், எங்க வீட்டுல ஒரு மாமா இருக்காரு, எனக்கு அவரப் புடிக்காது.” சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்தில் அதிர்ச்சியோ அருவருப்போ தெரிந்தால் அடுத்த வரி வராது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வையுங்கள். குழந்தையின் உயரத்துக்கு உட்காருங்கள். “அப்படியா, சொல்லு” என்பது போதும். மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

கேட்கும் கேள்விகளில்தான் நல்ல ஆசிரியர்களும் தவறுகிறார்கள். “மாமா உன்னைத் தொட்டாரா?”, “அடிச்சாரா?” என்று கேட்டால் பதிலை நாமே குழந்தையின் வாயில் வைத்துவிடுகிறோம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தை பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைத் தர முயலும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதலில் சொன்னது தப்புப்போல என்று நினைத்து மாற்றிச் சொல்லும். இப்படி மாறிய வார்த்தைகளை வைத்துத்தான் பின்னால் வழக்கறிஞர் அந்தக் குழந்தையைப் பொய் சொல்வதாகக் காட்டுவார். “என்ன நடந்துச்சுன்னு சொல்லு”, “அப்புறம்?”, “அது எப்படி இருந்துச்சு, சொல்லேன்” என்ற வகைக் கேள்விகள் மட்டும் போதும். “ஏன் முன்னாடியே சொல்லல?”, “ஏன் அங்க போன?” என்று ‘ஏன்’ போட்டுக் கேட்காதீர்கள். நாம் காரணம் கேட்பதாக நினைப்போம், குழந்தைக்கு அது திட்டாகத்தான் கேட்கும். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது குழந்தைக்கு உதவி தேவையா, இன்று வீட்டுக்குப் போவது ஆபத்தா என்ற அளவுதான். முழுக் கதையையும் கேட்டு வாங்குவது பயிற்சி பெற்ற விசாரணை அலுவலரின் வேலை.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்” என்று கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. செய்துவிட்டு மீறினால், பெரியவர்களை நம்பி அந்தக் குழந்தை எடுத்த ஒரே முயற்சியும் வீணாகிவிடும். “நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உனக்கு உதவி பண்ணணும்னா இதை நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லணும், அவங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன்” என்று சொல்லலாம். “இனிமே ஒண்ணும் ஆகாது” என்ற வாக்கும் வேண்டாம், அது நம் கையில் இல்லை. பேசி முடித்த கையோடு எழுத உட்காருங்கள். ஒரு மணி நேரம் தள்ளினால்கூடக் குழந்தையின் வார்த்தை போய் நம் வார்த்தை வந்துவிடும்.

மறுநாள் வந்து “நான் சும்மாதான் சொன்னேன்” என்று குழந்தை பின்வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும். வீட்டில் அழுதிருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள், குடும்பம் உடைந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள். பின்வாங்கியதையும் தேதி போட்டு எழுதுங்கள். பழைய பதிவை அடிக்காதீர்கள், கோப்பை மூடாதீர்கள்.

இதெல்லாம் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும் என்றேன். அந்தப் பொறுப்பாளர் யார் என்று பள்ளியில் இருக்கும் எல்லோருக்கும், காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும்கூட, பெயரோடு தெரிய வேண்டும். அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இரண்டாமவர் ஒருவர் வேண்டும். எழுதத் தெரியாத பணியாளர் வாயால் சொன்னால் பொறுப்பாளர் எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம். பல பள்ளிகள் இந்த வேலையை வேலைப்பளு அதிகமான ஆளிடமோ புதிதாகச் சேர்ந்தவரிடமோ தள்ளிவிடுகின்றன. என் கருத்தில் இதற்கு அனுபவமும், நிர்வாகத்திடம் நிமிர்ந்து நின்று பேசும் திராணியும், வாரத்தில் சில மணி நேரமாவது வகுப்பில்லாத ஓய்வும் உள்ளவர் வேண்டும். தகவல் வந்த அன்றே அவர் செய்ய வேண்டியவை: அந்தக் குழந்தையின் பழைய பதிவுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் வரிசைப்படுத்துவது, அதே பள்ளியில் அண்ணன் தம்பி அக்கா தங்கை இருந்தால் அவர்களுடைய பதிவையும் வருகையையும் பார்ப்பது, என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று எழுதுவது. வெளியே தெரிவிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் காரணத்தை எழுத வேண்டும். மூன்று மாதத்தில் வந்த ஐந்து சின்னக் குறிப்புகளை ஒரே பக்கத்தில் பார்க்கும்போதுதான், திங்கட்கிழமைகளில் மட்டும் காயம் வருகிறது என்பதோ ஒருவர் ஊருக்கு வந்து போகும் வாரங்களில் மட்டும் குழந்தை படுக்கையை நனைக்கிறது என்பதோ கண்ணில் படும்.

பெற்றோரிடம் எப்போது சொல்வது? பெரும்பாலான சாதாரணக் கவலைகளில் உடனே, நேரடியாக, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. தீங்கு வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்று சந்தேகம் இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. முதல் அழைப்பு குழந்தை நலக் குழுவுக்கோ (பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளுக்காக அரசு மாவட்டந்தோறும் அமைத்த குழு) காவல் துறைக்கோ போக வேண்டும், பெற்றோருக்கு யார் எப்போது சொல்வது என்று அவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பள்ளி முந்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் அன்றிரவே சாட்சியம் அழியும், குழந்தை அடி வாங்கும், சில நாளில் குடும்பமே இடம் மாறிவிடும்.

“உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம்” என்ற தயக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்த உறுதியைத் தேடுவது பள்ளியின் வேலையே இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் தெரிவிக்க வேண்டும், விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிப்பார்கள். இந்தியாவில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிரிவு 19-இன்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. தெரிவிக்காதவருக்குப் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைப் பிரிவு 23 தடை செய்கிறது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு விவாதிப்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவசர உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

புகார் பள்ளிப் பணியாளர் மீதே வந்தால் பள்ளி தானே விசாரணைக் குழு போட்டு, குழந்தையையும் ஆசிரியரையும் எதிரெதிரே உட்கார வைத்து “யார் சொல்வது உண்மை?” என்று கேட்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. குழந்தையின் வாயை அடைக்க இதைவிட உறுதியான வழி கிடையாது. புகாருக்குள்ளானவரைக் குழந்தைகள் இல்லாத இடத்துக்கு உடனே மாற்றுங்கள். அது தண்டனை இல்லை என்பதை அவருக்கும் மற்றவர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். தகவலை அன்றே காவல் துறைக்கோ குழந்தை நலக் குழுவுக்கோ கொடுங்கள். “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பேச்சு வெளியே வேண்டாம்” என்று அனுப்பிவிடுவதைப் பள்ளிகள் சாமர்த்தியம் என்று நினைக்கின்றன. அந்த ஆள் நல்ல சான்றிதழோடு அடுத்த பள்ளியின் குழந்தைகளிடம்தான் போகிறார். தலைமையாசிரியர் மீதோ தாளாளர் மீதோ புகார் என்றால் யாரிடம் போவது என்பதும் முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஆள் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. 2002-இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவர் அங்கிருந்த ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். வேறொரு பகுதிக் காவல் துறையிடம் அவர் மீது முன்பே பல புகார்கள் வந்திருந்தும் வேலைக்கு எடுத்த பள்ளிக்கு அது எட்டவில்லை. இந்தத் தவறு எப்படி நடந்தது என்று ஆராய்ந்து 2004-இல் வந்த பிச்சர்ட் அறிக்கையும், குழந்தைகளோடு வேலை பார்ப்பவர்களைச் சரிபார்க்க 2006-இல் வந்த சட்டமும் அதன் விளைவுகள். நாம் செய்யக்கூடியவை எளியவை. பணி வரலாற்றில் இடையில் விடுபட்ட மாதங்களுக்கு விளக்கம் கேளுங்கள். விண்ணப்பதாரர் கொண்டுவரும் “உரியவருக்கு” என்று தொடங்கும் கடிதத்தை நம்பாமல், முந்தைய பள்ளியின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். “குழந்தைகளோடு வேலை பார்க்க இவரை மறுபடியும் எடுப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மறுமுனையில் வரும் தயக்கம் நிறையச் சொல்லும். காவல் துறைச் சான்றில் பதிவான குற்றம் மட்டும்தான் தெரியும். பதிவாகாதது தெரியாது. ஆகவே சான்று கைக்கு வந்ததும் விழிப்பைத் தளர்த்தக் கூடாது. இந்தச் சரிபார்ப்பு ஒப்பந்தப் பணியாளர், வேன் ஓட்டுநர், மாலை நேரப் பயிற்சியாளர் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு வாங்கிக் கொடுப்பது, மாணவருக்குத் தனியே செய்தி அனுப்புவது, கதவைச் சாத்திவிட்டு ஒரு குழந்தையோடு மட்டும் இருப்பது போன்றவை குற்றமல்ல. ஆனால் எழுதி வைக்க வேண்டியவை. தீங்கு செய்பவர் எல்லையை ஒரே நாளில் தாண்டுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கிறார். நல்ல ஆசிரியருக்கும் இந்தப் பதிவு காப்புதான்.

அடியைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளை அடிப்பதை வீடு உட்பட எல்லா இடத்திலும் தடை செய்த முதல் நாடு ஸ்வீடன், 1979-இல். பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் அடி வாங்கும் குழந்தை வகுப்பிலும் ஸ்கேல் உயர்வதைப் பார்த்தால், பெரியவர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று முடிவு செய்துவிடும். அப்புறம் உங்கள் பொறுப்பாளர், பதிவேடு, சுவரொட்டி எதற்கும் பயனில்லை. அடிக்கும் பள்ளியில் குழந்தை வாய் திறக்காது.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சிறு குழந்தைகளின் பயத்தில் பெரும்பங்கு அங்கேதான். தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து பெரியவர் திறக்கவும் முடிய வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே கழிப்பறையில் நெருக்கியடிக்கக் கூடாது. பெரியவர்களுக்கு வேறு கழிப்பறை. ஒரு குழந்தை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தால், மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஆடையை நனைத்துக்கொண்ட குழந்தையைச் சுத்தம் செய்யும்போது, செய்யப்போவதைச் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். தானே செய்ய முடிந்ததைக் குழந்தையே செய்யட்டும். இன்னொரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அன்று மாலையே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

வருகைப்பதிவும் பாதுகாப்புக் கருவிதான். காரணம் தெரியாமல் வராத குழந்தையின் வீட்டுக்கு முதல் பீரியட் முடிவதற்குள் கூப்பிடுங்கள். ஒரே எண்ணை மட்டும் வைத்திருப்பது போதாது. வெவ்வேறு வீட்டில் இருப்பவர்களாக இரண்டு மூன்று பேரின் எண் வேண்டும், பருவத்துக்கு ஒரு முறை அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாலையில் யார் கூட்டிப்போகலாம் என்ற பட்டியல் படத்தோடு இருக்கட்டும். “நான் பெரியப்பா, அவசரம்” என்று புதியவர் வந்து நின்றால், குழந்தை சிரித்துக்கொண்டே ஓடினாலும் பெற்றோரிடம் போனில் உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது.

இனி, யாரும் அடிக்காமலேயே நடக்கும் தீங்கு: புறக்கணிப்பு. ஒரு நாள் பார்த்தால் தெரியாது, மாதக்கணக்கில் தெரியும். தினமும் பசியோடு வரும் குழந்தை, சொத்தைப் பல் வலியோடு பருவம் முழுவதும் இருக்கும் குழந்தை, முதல் பீரியடிலேயே தூங்கிவிழும் குழந்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் நின்றுவிடும் மூன்றாம் வகுப்புச் சிறுமி. இங்கே அவசரமாக வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வறுமை என்றால் உதவி கிடைத்தவுடன் நிலைமை மாறும். கண்ணாடி வாங்க வழி செய்தோம், குழந்தை மறுவாரம் போட்டுக்கொண்டு வந்தது என்றால் பெற்றோருக்கு இல்லாதது பணம்தான். மூன்று முறை உதவி வாசல்வரை போயும் எதுவும் மாறவில்லை என்றால் அது வேறு. ஆகவே என்ன உதவி, எப்போது கொடுத்தோம், பிறகு என்ன ஆனது என்பதும் அதே பதிவேட்டில் வர வேண்டும்.

மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் விழிப்பு தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மற்றக் குழந்தைகளைவிட இவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 3.7 மடங்கு என்று கணக்கிட்டது. திடீரென்று கத்துவதையும் தன்னைக் கடித்துக்கொள்வதையும் “அது அவனுடைய குறைபாடு” என்று ஒதுக்கிவிடுவதால்தான் பல விஷயங்கள் வெளியே வருவதில்லை. நேற்றுவரை இல்லாத நடத்தை இன்று வந்தால் காரணத்தைத் தேடுங்கள். பேச முடியாத குழந்தையின் தொடர்பு அட்டையில் ‘வலி’, ‘வேண்டாம்’, உடலுறுப்புகள் ஆகியவற்றின் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல அட்டைகளில் சாப்பாடும் பொம்மையும் மட்டுமே இருக்கும். சொல்ல வழி கொடுக்காமல் சொல்லவில்லை என்று எப்படிக் கூறுவது?

குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதும் வேண்டும், ஆனால் அளவோடு. உடலுறுப்புகளின் சரியான பெயர், வேண்டாம் என்று சொல்லும் உரிமை, ரகசியத்துக்கும் ஆச்சரியப் பரிசுக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவை முதல் வகுப்பிலேயே சொல்லலாம். பிறந்த நாள் பரிசை இரண்டு நாளில் எல்லோரும் தெரிந்துகொள்வார்கள், என்றைக்குமே சொல்லக் கூடாது என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பேரை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். முதலாமவர் கேட்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். “தைரியமாகத் தடுத்திருக்க வேண்டும்” என்ற பாரம் மட்டும் குழந்தை தலையில் ஏறக் கூடாது. தடுப்பது பெரியவர்கள் வேலை.

வெளியே தெரிவித்த மறுநாள் குழந்தை வகுப்புக்கு வரும். அன்று அதற்கு வேண்டியது வழக்கமான நாள். வழக்கமான இடம், வழக்கமான பாடம், தலையைத் தடவிக் கண் கலங்காத ஆசிரியர். விஷயம் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், ஓய்வறைப் பேச்சாகக் கூடாது. மனம் தாங்காதபோது எழுந்து போய் உட்காரும் இடம் எது, அங்கே இருக்கும் பெரியவர் யார் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தகவல் கொடுத்த அலுவலகத்திலிருந்து மூன்று நாளில் பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள், எழுத்திலும் அனுப்புங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போங்கள். ஒரு முறை சொன்னதோடு பள்ளியின் கடமை முடிவதில்லை.

கேள்விகள் வர ஆரம்பித்ததும் பல குடும்பங்கள் பள்ளியை மாற்றிவிடும். மாற்றுச் சான்றிதழ் அன்றே போய்விடும், பாதுகாப்புக் கோப்பு அலமாரியிலேயே தங்கிவிடும். புதிய பள்ளிக்கு அந்தக் குழந்தை எந்த வரலாறும் இல்லாத புது முகம், எல்லாம் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும். கோப்பைச் சான்றிதழோடு சேர்க்காமல் தனி உறையில், அந்தப் பள்ளியின் பொறுப்பாளர் பெயருக்கு அனுப்புங்கள். பெற்றோர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் போனில் பேசி, எதைக் கவனிக்க வேண்டும் என்று வாயாலும் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, பிரதியோடு பத்திரப்படுத்துங்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்றே தெரியவில்லை என்றால், குழந்தை காணவில்லை என்று அதே நாளில் கல்வி அலுவலகத்துக்கும் குழந்தை நலக் குழுவுக்கும் எழுதுங்கள்.